விழுந்தது வீட்டுக்குள்ளேதான்

வாசகர் கேள்வி – பதில்: எலும்பும் மூட்டும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எல்லாமே முதியவர்கள் விழுவதைப் பற்றி. எலும்பு மூட்டு மருத்துவத்திலும் பிசியோ பிரிவிலும் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ரோட்டில் ஈ காக்கை இல்லை. மோட்டார் விபத்து இல்லை, பந்து விளையாட்டு இல்லை. எலும்பு முறிவும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஓராண்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மட்டும் இரண்டு பாட்டிமாருக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. கொரோனாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மொத்த முறிவு குறைந்தது உண்மைதான். 2020 மார்ச் 18-இல் ஆணை நடப்புக்கு வந்து, வீட்டுக்கு ஒருவர், 10 கிலோமீட்டருக்குள் என்று நடமாட்டம் சுருங்கியதும், மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைந்தவர்களும் திடலில் மணிக்கட்டு முறிந்த பையன்களும் வருவது வெகுவாகக் குறைந்தது. மற்ற நாடுகளிலும் அப்படியே. ஆனால் முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவு அந்த வேகத்தில் இறங்கவில்லை. பெரும்பாலான இடங்களில் பழைய எண்ணிக்கையை ஒட்டியே நின்றது. சில இடங்களில் ஓரளவு குறைந்தது.

ஏன் என்று கேட்டால், அந்த எலும்பு எங்கே எப்படி உடைகிறது என்பதில் பதில் இருக்கிறது. 'இடுப்பு எலும்பு' என்று பேச்சில் சொல்வது உண்மையில் தொடையெலும்பின் மேல்முனை. கிண்ணத்துக்குள் உருளும் பந்து, அதற்குக் கீழே ஒல்லியான கழுத்து, கழுத்துக்குக் கீழே தடித்த புடைப்பு. வயதானவர்களுக்கு உடைவது கழுத்திலோ புடைப்பிலோதான். பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால் வருகிறது. மாடியிலிருந்து விழ வேண்டாம். நின்ற உயரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தாலே போதும். குளியலறை வாசல், கட்டில் ஓரம், அடுப்படிக்கு இறங்கும் அந்த ஒற்றைப் படி. ஊரை அடைத்தார்கள், இந்த இடங்களை யாரும் அடைக்கவில்லை. சொல்லப்போனால் பாட்டி அந்த இடங்களுக்குள்ளேயே 24 மணி நேரமும் இருந்தார்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒரு கண்கட்டு உண்டு. வார்டில் 20 கட்டில், வழக்கமாக 14-இல் விபத்து இளைஞர்கள், 6-இல் முதியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் 4 பேராகக் குறைந்து முதியவர்கள் அதே 6 பேராக இருந்தால், வார்டில் பாதிக்கு மேல் இடுப்பு எலும்பு நோயாளிகள். பார்ப்பவர் 'கொரோனா காலத்தில் இடுப்பு முறிவு இரட்டிப்பாகிவிட்டது' என்பார். கூடியது பங்கு, ஆள் கூடவில்லை.

ஓரளவு குறைந்த இடங்களில் காரணம் பலவாக இருக்கலாம். மகனும் மருமகளும் வீட்டிலேயே இருந்ததால் பாட்டிக்குத் துணை இருந்தது. கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது விழுவது நின்றது. முதியோர் இல்லங்களில் மிகவும் தளர்ந்திருந்தவர்களைத் தொற்றே கொண்டுபோய்விட்டது. இது கசப்பான காரணம், ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டியது. இன்னும் சிலர் உடைந்த காலோடு வீட்டிலேயே படுத்திருந்தார்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வரும்', '10 கிலோமீட்டர் தாண்டினால் போலீஸ் பிடிக்கும்' என்ற பயம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டர் வரும். மருத்துவத்துக்காகப் போகத் தடையே இருந்ததில்லை. அந்தச் செய்திதான் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஒழுங்காக வந்து சேரவில்லை.

பெருந்தொற்று எலும்பை உடைக்கவில்லை. விழுவதற்கு முன் இருந்த கால் பலத்தைக் குறைத்தது, மருந்தைத் தவறவைத்தது. விழுந்த பின் கிடைக்க வேண்டிய கவனிப்பையும் கெடுத்தது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைப் பற்றியவைதான்.

கேள்வி: அப்பா ரப்பர் பால்மரம் வெட்டியவர், வயது 74. கோவிட் வந்து 10 நாள் கட்டிலில் கிடந்தார், பிறகு பயத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டார். இப்போது நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றுகிறார். வயதுதான் காரணமா?

பதில்: வயது பாதி, கிடை மீதி. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களை 10 நாள் கட்டிலிலேயே இருக்கவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-இல் வந்தது. அந்த 10 நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் கூடக் கிடையாது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் இன்னும் மோசம். முப்பது நாற்பது வருடம் மேடு பள்ளத்தில் மரத்துக்கு மரம் நடந்த கால்கள், அந்தச் சுமை நின்றதும் வேகமாக இளைக்கும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். சுவரோரம் கைப்பிடி இல்லாத, 43 முதல் 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியைப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லி, கைபேசியில் நேரம் பாருங்கள். ஆசியர்களுக்கான 2019-ஆம் ஆண்டு வரையறைப்படி 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்தது, கெண்டைக்காலில் மிகப் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் இறுக்காமல் அளப்பது. ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் பெண்ணுக்கு 33-க்குக் குறைந்தாலும் தசை மெலிந்திருக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம்.

பயிற்சியும் அதே நாற்காலிதான். முதலில் கை ஊன்றியே எழட்டும்: 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5. ஒருநாள் விட்டு ஒருநாள். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். மெதுவாக இறங்குவதும் தசைக்கு நல்ல வேலை. இரண்டு வாரம் கழித்து ஒரு கை, பிறகு கையில்லாமல். கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை, ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்பது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள்.

பயிற்சி செய்தும் பலன் இல்லை என்று வருகிறவர்களிடம் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்: சோறு ஒரு மலை, மேலே ரசம். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். 100 கிராம் வெந்த கோழியில் 25 கிராமுக்குக் குறையாது, 100 கிராம் தெம்பேயில் (நொதித்த சோயாக் கட்டி) ஏறக்குறைய 19. மூன்று வேளைக்கும் பிரித்துப் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய லயத்து வீடு. குளியலறையும் கழிவறையும் பின்னால். குந்தும் கக்கூஸ், சிமெண்டுத் தரை. மாமியார் ஏற்கெனவே ஒருமுறை வழுக்கிவிட்டார். கைப்பிடிக் கம்பி போடலாம் என்றால் எங்கே, எப்படிப் போடுவது?

பதில்: இதை எழுதிக் கேட்டதே நல்லது. கம்பியைத் தப்பாகப் போட்டால், இல்லாததைவிட ஆபத்து. நம்பிப் பிடிப்பார், கம்பியும் அவரும் சேர்ந்து வருவார்கள்.

ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டும் கம்பி வேண்டவே வேண்டாம். ஈரச் சுவரில் காற்று நுழைந்தால் கழன்றுவிடும். துண்டு போடும் கம்பியும் ஆளைத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 32 முதல் 38 மில்லிமீட்டர் பருமன், சுவருக்கும் கம்பிக்கும் இடையே 4 சென்டிமீட்டர். இடைவெளி அதற்கு மேல் போனால் வழுக்கும்போது முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

குந்தி எழுவதற்குச் செங்குத்துக் கம்பிதான் சரி. மாமியாரையே குந்தவைத்து, எந்தக் கையால் பிடிப்பார் என்று பாருங்கள். முன்னால் கொஞ்சம் பக்கவாட்டில் கை எட்டும் இடத்தில் கீழ்முனை, நின்றால் மார்புக்கு நேராக மேல்முனை. குளியலறை வாசலில் இன்னொன்று. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வாசலில் போடுங்கள்; ஈரக் காலோடு படி தாண்டும் இடம் அது.

லயத்து வீடுகளில் சிக்கல் சுவரில் வரும். பல வீடுகளில் கீழே பாதி செங்கல், மேலே பலகை. கம்பியின் கீழ்முனை செங்கல்லிலும் மேல்முனை பலகையிலும் விழும். வெறும் பலகையில் திருகாணி முடுக்கினால் நாலு மாதத்தில் ஓட்டை பெரிதாகிவிடும். உள்ளே சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, இரண்டு சட்டத்துக்குக் குறுக்கே ரெண்டுக்கு நாலு அங்குல மரத்தை போல்ட்டால் பூட்டி, அதன் மேல் கம்பியைப் பொருத்துங்கள். செங்கல் பக்கம், மேல்பூச்சின் கனம் போக செங்கல்லுக்குள் குறைந்தது 4 சென்டிமீட்டர் ஆணி இறங்க வேண்டும். பழைய பூச்சைத் தட்டினால் 'டொக்டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் அதைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் வேலை. முடிந்ததும் வீட்டில் கனமான ஆள் இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்க்கட்டும். 110 கிலோவாவது தாங்க வேண்டும்.

சிமெண்டுத் தரையின் பச்சைப் பாசிக்கு, வெளுப்பு மருந்து ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அதே வாளியில் கக்கூஸ் கழுவும் ஆசிட் ஒரு சொட்டுக்கூடச் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். தொற்றுக் காலத்தில் நாளுக்கு மூன்று முறை தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. துடைக்கட்டும், ஆனால் காய்ந்த பிறகுதான் பெரியவர் நடக்க வேண்டும்.

பழைய சேலையை மடித்துப் போட்ட கால்துடைப்பான், அடி தேய்ந்த ஜப்பான் சிலிப்பர், தரையைக் கூட்டும் கைலி: இந்த மூன்றையும் இன்றே கவனியுங்கள். கைலியின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு 5 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

கேள்வி: பாட்டி ராத்திரி விழுந்தார். எலும்பு உடைந்ததா, வெறும் சுளுக்கா என்று தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக உருவிவிடுகிறவர் இருக்கிறார். காலையில் கூட்டிவரலாமா?

பதில்: கூடாது. உருவுபவரின் திறமையைப் பற்றிய பேச்சே இல்லை. தொடையெலும்புப் பந்துக்கு இரத்தம் பெரும்பாலும் அந்த ஒல்லிக் கழுத்தை ஒட்டி ஓடும் நுண்குழாய்களில்தான் போகிறது. கழுத்தில் விரிசல் விட்டு எலும்பு இடம் மாறாமல் இருந்தால், சின்ன வெட்டில் மூன்று திருகாணி போட்டு முடித்துவிடலாம். உருவி இழுத்து இடம் மாறினால் குழாய்கள் அறுந்து பந்து செத்துப்போகலாம்; அப்புறம் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டியிருக்கும். சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷனாவது அந்த அரைமணி உருவலில்தான்.

உடைந்ததற்கு அடையாளம்: அந்தக் கால் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும், குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்க முடியாது, வலி தொடை இடுக்கில் இருக்கும். ஆனால் எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நிற்கும் வகையும் உண்டு. அவர் பிடித்துக்கொண்டு நடப்பார், முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்வார். இடுப்பு மூட்டு வலி முழங்காலில் பேசும். விழுந்த பிறகு முழங்கால் வலி என்று வந்தால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி தொடர்ந்தால் ஸ்கேன் வேண்டும்.

விழுந்தவுடன்: எழுப்பி நிறுத்த வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை, மேலே போர்வை, 999-க்கு அழைப்பு. தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தேடி அலைவது பெரிய தொல்லை. செம்பனைக்குள் எல்லா ரோடும் ஒன்றுபோல இருக்கும், கைபேசி வரைபடம் பாதியில் கைவிடும். எந்த டிவிஷன், எந்த கேட், லயத்து எண் என்ன என்று சொல்லி, ஒருவரை டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டு முனையில் நிறுத்துங்கள். வேறு வழியே இல்லாமல் வேனில் கொண்டுபோவதானால் மடக்குக் கட்டிலிலோ பலகையிலோ படுத்த வாக்கில்தான். தொடையிலும் கெண்டையிலும் துணியால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுங்கள். காரில் மடக்கி உட்காரவைக்க வேண்டாம்.

விடியட்டும் என்று தரையில் கிடத்துவதும் தவறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கெட்டித் தரையில் கிடந்தால் தோல் புண்ணாகும். தசை நசுங்கிச் சிறுநீரகம் கெடும். கையோடு கொண்டுபோக வேண்டியது: அடையாள அட்டை, சாப்பிடும் எல்லா மாத்திரையும் பெட்டியோடு, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்றவை சாப்பிடுகிறவரா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் நேரமே அதைப் பொறுத்து மாறும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதும் தெரிய வேண்டும். இனிப்புநீர்க்காரரை (நீரிழிவு உள்ளவரை) நீங்களாகவே பட்டினி போடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. கொரோனா நேரத்தில் ஒன்று தவறி, அடுத்தது 10 மாதம் கழித்துத்தான் போட்டோம். நடுவில் முதுகு வலி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறு மாத ஊசி என்றால் அது டெனோசுமாப், 60 மில்லிகிராம். எலும்பை அரிக்கும் செல்களை அது கட்டிப்போடுகிறது. கட்டு அவிழ்ந்ததும் அவை ஒரேயடியாகக் கிளம்பி, சேர்த்துவைத்த பலத்தைச் சில மாதத்திலேயே தின்றுவிடும். முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நசுங்குவது இந்த இடைவெளியில்தான். போன ஊசியிலிருந்து 7 மாதம் தாண்டக்கூடாது, முடியாவிட்டால் மாத்திரைக்கு மாற்றுங்கள் என்று 2020-இலேயே எலும்பு மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்தின. எல்லா நோயாளிகளின் காதுக்கும் அது போய்ச் சேரவில்லை. வெள்ளமோ வேறு தடையோ வந்தாலும் விதி இதுதான்: ஊசித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், 'போதும்' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் அப்படியில்லை. அது எலும்பிலேயே தங்கும். சில மாதம் தள்ளிப்போனால் பெரிய நட்டமில்லை. முதல் முறை ஏற்றிய பின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். அந்தக் காலத்தில் அதைக் கோவிட் என்று பயந்தவர்கள் உண்டு.

வார மாத்திரையான அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமில் தப்பு வேறு மாதிரி. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, 30 நிமிடம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கோப்பி-ஓவோடு விழுங்கினால் மருந்து மிகக் குறைவாகவே உடம்பில் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைச் சேர்த்துப் போட்டாலும் அப்படியே. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மூன்று வருடமாக மாத்திரை சாப்பிட்டும் எலும்பு தேறாதவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எதோடு விழுங்குகிறீர்கள் என்பதுதான்.

கேள்வி: இடுப்பு முறிந்தவருக்குக் கோவிட்டும் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நல்லதுதானே?

பதில்: பொதுவாக இல்லை. 2020-இல் தடுப்பூசி வருவதற்கு முன் இரண்டும் சேர்ந்து வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்தார்கள். கோவிட் இல்லாத இடுப்பு முறிவில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதைக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். ஆனால் ஆபரேஷன் இல்லாமல் மல்லாந்தே கிடந்தால் வலியில் மூச்சை இழுத்துவிட முடியாது, சளி இறங்கும், காலில் இரத்தம் உறையும். கோவிட் அந்த உறைவை இன்னும் கூட்டும். அதனால் மூச்சும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்வதையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். தொற்றுக்குப் பிறகு 7 வாரம் பொறுக்கச் சொன்னது, நாள் குறித்துச் செய்யும் மூட்டு மாற்று போன்றவற்றுக்கு. முறிவு அதில் சேராது.

அந்தக் காலத்தில் இன்னொரு சேதம் சத்தமில்லாமல் நடந்தது. சொந்தக்காரர்களை வார்டுக்குள் விடவில்லை. முகக்கவசம் போட்ட புது முகங்கள், புரியாத மொழி. பெரியவர்கள் பலர் இரவில் புத்தி குழம்பிப் பிதற்றினார்கள். இதற்கு மருந்தைவிடத் தெரிந்த குரல் நன்றாக வேலை செய்யும். இனி எப்போதாவது பார்க்கத் தடை வந்தால், தினமும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பு போட்டுத் தரச் சொல்லித் தாதியிடம் கேளுங்கள்.

கேள்வி: தடுப்பூசி எலும்பை உருக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: உருக்காது. எலும்பைக் கரைப்பது மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை. முட்டிவலிக்கு என்று கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத உருண்டைகளிலும் தூள்களிலும் அது கலந்திருப்பது உண்டு. வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: முகக்கவசம் போட்டுப் பசாருக்குப் போனால் படி தெரிவதில்லை. கண்ணாடியும் மூடுபனியாகிவிடுகிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: எல்லாருக்கும்தான். கவசத்தின் மேல்விளிம்பு, காலடியைப் பார்க்கும் கீழ்ப்பார்வையை மறைக்கிறது. கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதாது. படியிலும் சாக்கடை ஓரத்திலும் நின்று, தலையையே குனிந்து பாருங்கள். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்தி மூக்கோடு பொருத்தினால் பனி குறையும். கீழ்ப்பாதி படிப்பதற்கான இரட்டைக் கண்ணாடி போடுபவருக்குப் படி மங்கலாகவே தெரியும். வெளியே நடக்கத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு உலோகப் பந்து வைத்து நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் குந்தும் கக்கூஸ், அம்மா பாயில் படுப்பவர். 'மூன்று மாதம் அசையாமல் படுக்கட்டும்' என்கிறார் மாமா. பணமும் கேட்கிறார்கள்.

பதில்: மாமா சொல்வதைக் கேட்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் முறை. படுக்கப் போட்டால் புண், சளி, இரத்த உறைவு. ஆனால் 12 வாரம் சில வளைவுகள் ஆகாது: இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக்கூடாது, சம்மணம் கூடாது, கால் மேல் கால் கூடாது. குந்தினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடலாம். இடுப்பின் முன்பக்கமாகவா பின்பக்கமாகவா வெட்டி வைத்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும், ஆகவே ஆபரேஷன் செய்தவரின் சொல்லே முடிவு.

பாயைச் சுருட்டுங்கள். கட்டில் 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம். குந்தும் கக்கூஸ் மேல் நடுவில் ஓட்டையுள்ள கமோட் நாற்காலியை நிறுத்துங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் நாற்காலிக் கால்களைத் தனித்தனியாக நீட்டிச் சமப்படுத்துங்கள், கல்லை முட்டுக் கொடுக்க வேண்டாம். நடைச்சட்டத்தின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரட்டும். உயரமாக வைத்தால் தோள் வலிக்கும், தாழ்த்தினால் முன்னால் கவிழ்வார். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்ததும் மாற்றுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ தேதிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரி.

பணம் கேட்பது பெரும்பாலும் உள்ளே வைத்த உலோகத்துக்கு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. மலாயில் 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று கேளுங்கள். வருமானச் சான்றோடு போனால் உதவி நிதிக்கு எழுதித் தருவார்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன பி40 (வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காடு) குடும்பத்தினருக்கான பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவக் கருவி உதவியும் உண்டு. உங்கள் கருவி அதில் சேருமா என்று அங்கேயே விசாரிக்கலாம். வீட்டுக்குப் போவதற்கு முன் கேட்டால் வேலை சுலபம்.

அவசரத்தில் விட்டுப்போவது இன்னொன்று. ஒரு பக்கம் உடைந்தவருக்கு மறுபக்கமும் உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நாளை கையில் தரும் கடிதத்தில் எலும்பு மெலிவுக்கான மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தையல் பிரிக்கப் போகும் அன்று முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.